‘எங்க வீட்டு டாக்டர்’: ஹோஸ்ட் குடும்பத்தோடு தங்கிப் படித்த ஒரு மருத்துவ மாணவி

மூன்றாம் ஆண்டு மருத்துவ மாணவி ஒருவர், தான் தங்கியிருந்த வீட்டின் 78 வயதுப் பெரியவரின் மகளிடம், சர்க்கரை மாத்திரையை நாமாக நிறுத்தக் கூடாது என்று காலையில் சொல்லிவிட்டு வகுப்புக்குப் போனார். அன்று மாலை அந்தப் பெரியவரின் ரத்தச் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கி 38. மாணவி சொன்னது தவறான வாக்கியமல்ல, பாடப்புத்தகத்தில் இருப்பதுதான். அன்று பெரியவரைக் காப்பாற்றியதும் இதே மாணவிதான். இரண்டும் ஒரே நாளில் நடந்ததால்தான் இதை எழுதி வைக்கத் தோன்றியது.

வெளிநாட்டிலிருந்து வரும் மருத்துவ மாணவர்களுக்கு வழிகாட்டும் ஆசிரியர் என்ற முறையில் இந்த நிகழ்வு என்னிடம் வந்தது. மாணவியும் அந்தக் குடும்பமும் எழுதச் சம்மதித்திருக்கிறார்கள். நாடு, ஊர், கல்லூரி, ஆள் அடையாளம் எதுவும் இங்கே இல்லை. அவை இல்லாமலே விஷயம் புரியும்.

பின்னணி

மாணவிக்கு வகுப்புகள் ஆங்கிலத்தில். நோயாளிகள் பேசுவதோ அந்த நாட்டு மொழி. முதல் இரண்டு ஆண்டுகள், உடற்கூறியலும் உயிர்வேதியியலும் நடக்கும் வரை, இது ஒரு பிரச்சினையாகவே தெரியாது. மூன்றாம் ஆண்டில் வார்டுக்குள் போனதும்தான் குட்டு வெளிப்படும். நோயாளி முகத்தைச் சுளித்துக்கொண்டு ஏதோ சொல்வார். மாணவர் தலையாட்டுவார். கூட வந்த மருத்துவர் மொழிபெயர்த்துச் சொன்னதைக் கேட்டுக் குறிப்பு எழுதுவார். பரீட்சையில் அந்த மொழிபெயர்ப்பாளர் இருக்க மாட்டார். விடுதியில் தன் மொழிக்காரர்களோடு தங்கியிருந்த இந்த மாணவி, இரண்டாம் ஆண்டு முடிவில் ஹோஸ்ட் குடும்பத்துக்கு (வெளிநாட்டு மாணவரைத் தங்கள் வீட்டிலேயே வாடகைக்குத் தங்கவைக்கும் உள்ளூர்க் குடும்பம்) மாறியதன் காரணம் இதுதான். பாதுகாப்பு, செலவு எல்லாம் அப்புறம்தான்.

வீட்டில் நான்கு பேர். பள்ளியில் வேலை பார்க்கும் குடும்பத் தலைவி, பாதி நாள் வெளியூர் வேலையில் இருக்கும் கணவர், ஒன்பது வயது மகன், குடும்பத் தலைவியின் அப்பா. அந்த அப்பாதான் நம் பெரியவர். இருபது வருடத்துக்கு மேலாகச் சர்க்கரை நோய், கூடவே ரத்த அழுத்தம். சர்க்கரைக்குக் காலையும் இரவும் கிளிபென்கிளமைடு 5 மில்லிகிராம், மெட்ஃபார்மின், அழுத்தத்துக்கு ராமிப்ரில். ஒல்லியான ஆள். பேரனைக் காரில் பள்ளிக்குக் கொண்டுபோய் விடுவது அவர் வேலை. அதில் அவருக்கு ரொம்பப் பெருமை.

கல்லூரியின் தங்குமிட அலுவலகம் வழக்கம்போல ஒப்பந்தம் போட்டுக் கொடுத்தது. அறை, இரண்டு வேளைச் சாப்பாடு, துணி துவைக்கும் நாள், இரவு எத்தனை மணிக்குமேல் சத்தம் கூடாது, எத்தனை நாள் முன்னால் சொல்லிவிட்டு வெளியேறலாம் எல்லாம் இருந்தன. மாணவியின் ஹெபடைடிஸ் பி தடுப்பூசிச் சான்றும் காசநோய்ப் பரிசோதனை முடிவும்கூட இணைக்கப்பட்டிருந்தன. மாணவியிடமிருந்து வீட்டுக்கு என்ன தொற்றலாம் என்பதை யோசித்திருந்தார்கள். வீட்டில் இருக்கும் நோய் மாணவியின் தலையில் எப்படி விழும் என்பதை யாரும் யோசிக்கவில்லை.

சின்னச் சின்னக் கேள்விகள்

முதலில் வந்தது பையனின் காய்ச்சல். எவ்வளவு பாராசிட்டமால் கொடுக்கலாம் என்று குடும்பத் தலைவி கேட்டார். மாணவி எடையைக் கேட்டு, ஒரு கிலோவுக்கு 10 முதல் 15 மில்லிகிராம் என்று கணக்குப் போட்டு, ஒரு நாளில் நான்கு தடவைக்குமேல் வேண்டாம் என்றார். சரியான பதில். அடுத்து பிபி மெஷின். பெரியவருக்கு வாரம் ஒருமுறை பார்த்து நோட்டில் எழுதுவது மாணவியின் வேலையாகிவிட்டது. யாரும் கொடுத்த வேலையில்லை, அவரே எடுத்துக்கொண்டார். பக்கத்து வீட்டு அம்மாவின் முழங்கால் எக்ஸ்ரேயும் ஒருநாள் சாப்பாட்டு மேசைக்கு வந்து சேர்ந்தது. “எங்க வீட்டு டாக்டர் இருக்காங்க, காட்டுங்க” என்று குடும்பத் தலைவி சொன்னதைக் கேட்டு மாணவிக்கு வெட்கம். ஆனால் பிடித்திருந்தது. வார்டில் எதையும் தொடாமல் ஓரமாக நிற்கச் சொல்லப்படும் ஆளுக்கு வீட்டில் இப்படி ஒரு நாற்காலி கிடைத்தால் யாருக்குத்தான் பிடிக்காது!

இந்தப் பதில்களில் ஒன்றுகூடத் தப்பில்லை. அதனால்தான் யாருக்கும் எச்சரிக்கை மணி அடிக்கவில்லை.

ஒன்று மட்டும், பின்னால் திரும்பிப் பார்க்கும்போது உறுத்துகிறது. பெரியவரின் எச்பிஏ1சி, அதாவது கடந்த இரண்டு மூன்று மாதச் சர்க்கரையின் சராசரியைக் காட்டும் ரத்தப் பரிசோதனை, 6.4 சதவீதம் என்று வந்தது. மாணவி பார்த்துவிட்டு, “தாத்தா, அருமையான கட்டுப்பாடு” என்று பாராட்டினார். முப்பது வயதுக்காரருக்கு அது பாராட்டுக்குரிய எண். 78 வயதில், ஒல்லியான உடம்பில், கிளிபென்கிளமைடு சாப்பிடுகிறவருக்கு அந்த எண் வந்தால், அடிக்கடி சர்க்கரை இறங்குகிறதா என்றுதான் முதலில் கேட்க வேண்டும். வயதானவர்களுக்கு 8 சதவீதம் வரைகூட விட்டுப் பிடிப்பது வழக்கம். மூன்றாம் ஆண்டு மாணவிக்கு அந்த நுணுக்கம் தெரிந்திருக்க வேண்டியதில்லை. ஆனால் அறிக்கையைப் படித்து அபிப்பிராயம் சொல்லும் இடத்தில் அவரை உட்கார வைத்துவிட்டார்கள், அவரும் உட்கார்ந்துவிட்டார்.

சாப்பாட்டுக்குப் பிந்தைய நாடகம்

இனி இந்த வீட்டின் மிக நல்ல விஷயத்துக்கு வருவோம். சிக்கலின் வேரும் அங்கேதான் இருந்தது.

இரவுச் சாப்பாடு முடிந்ததும் பெரியவர் சோஃபாவில் சாய்ந்துகொண்டு நோயாளியாக நடிப்பார். மாணவி எதிரே ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, நோட்டைத் திறந்து, அந்த நாட்டு மொழியில் நோய் வரலாறு கேட்பார். எங்கே வலி, எப்போது ஆரம்பித்தது, எங்காவது பரவுகிறதா, என்ன செய்தால் குறைகிறது என்று வரிசையாகப் போகும். பெரியவர் வேண்டுமென்றே வளவளவென்று பேசுவார். நடுவில் பக்கத்து வீட்டுச் சண்டையை இழுப்பார், எரிந்து விழுவார், கேள்வி இலக்கணப் பிழையோடு வந்தால் காது கேட்காதவர் மாதிரி இருப்பார். பேரன் தரையில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருப்பான். இரண்டு மாதத்தில் மாணவியின் பேச்சு அடியோடு மாறிவிட்டது என்று மொழிப் பயிற்சியாளரே சொன்னார். எந்த மொழி ஆய்வுக்கூடமும் இதைத் தந்திருக்காது.

அந்த நோட்டைப் பிறகு நான் பார்த்தேன். நிகழ்வுக்கு மூன்று வாரம் முன்பு தேதியிட்ட ஒரு பக்கத்தில் இப்படி எழுதியிருக்கிறது: ‘பயிற்சி நோயாளி. மாலையில் திடீர் வியர்வை. கை நடுக்கம். படபடப்பு. ஏதாவது சாப்பிட்டால் சரியாகிவிடுகிறது. தைராய்டு?’ அதன் கீழே, சின்ன எழுத்தில்: ‘தாத்தா இன்று பிரமாதமாக நடித்தார்.’

அவர் நடிக்கவில்லை.

அந்த அறிகுறிகள் அவருக்கு உண்மையாகவே வந்துகொண்டிருந்தன. மகளிடம் சொன்னால் மருத்துவரிடம் இழுத்துப் போவாள், மருத்துவர் கார் ஓட்டக் கூடாது என்பார், பேரனைப் பள்ளிக்குக் கொண்டுபோகும் வேலை போய்விடும். அதனால் சொல்லவில்லை. ஆனால் யாரிடமாவது சொல்லிப் பார்க்க வேண்டும் போலிருந்தது. நாடகத்துக்குள் வைத்துச் சொன்னார். ‘இது பெரிய விஷயம் என்றால் அந்தப் பொண்ணு முகத்தில் தெரியும் என்று பார்த்தேன், தெரியவில்லை, விட்டுவிட்டேன்’ என்பது பின்னால் அவர் தந்த விளக்கம்.

அன்றைய நாள்

பெரியவருக்கு இரண்டு நாளாக வயிற்றுப்போக்கு. சாப்பாடு இறங்கவில்லை, கொஞ்சம் தண்ணீர் மட்டும். மூன்றாம் நாள் காலை மாணவி பையை மாட்டிக்கொண்டு கிளம்பும்போது வாசலில் வைத்துக் குடும்பத் தலைவி கேட்டார்: “அப்பா ஒண்ணும் சாப்பிடலை. மாத்திரை எல்லாம் கொடுக்கலாமா?”

மாணவிக்கு வகுப்புக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. “சர்க்கரை மாத்திரையை நாமாக நிறுத்தக் கூடாது. சாயங்காலம் வந்து பார்க்கிறேன்” என்றார்.

நீர்ச்சத்து வற்றிய நோயாளிக்கு இந்தப் பொது விதி தலைகீழாகிவிடும். வாந்தி, வயிற்றுப்போக்கு, சாப்பிட முடியாத நிலை வந்தால் தற்காலிகமாக நிறுத்துவது பற்றி மருத்துவரிடம் உடனே கேட்க வேண்டிய மருந்துகள் என்று ஒரு பட்டியலே உண்டு. சல்ஃபோனைல்யூரியா (கிளிபென்கிளமைடு சேர்ந்த வகை), மெட்ஃபார்மின், ராமிப்ரில் வகை மருந்துகள், சிறுநீர் பிரிக்கும் மாத்திரை, சில வலி மாத்திரைகள் அதில் வரும். பெரியவர் சாப்பிட்டுக்கொண்டிருந்த மூன்றுமே அந்தப் பட்டியலில் உள்ளவை. சாப்பாடு இல்லாமல் கணையத்தை இன்சுலின் சுரக்கச் சொல்லும் மாத்திரை ஒன்று, நீர் வற்றிய நேரத்தில் சிறுநீரகத்தின் வடிகட்டலை இன்னும் குறைக்கும் மாத்திரை ஒன்று. இரண்டும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பது ஊகிக்கக் கூடியதுதான்.

மாலை ஏழு மணிக்குக் கொஞ்சம் முன்னால் மாணவி வீடு திரும்பினார். பெரியவர் நாற்காலியில் உட்கார்ந்து சட்டைப் பொத்தானைப் போட முயன்றுகொண்டிருந்தார். ஒரே பொத்தானைத் திரும்பத் திரும்பப் பக்கத்துத் துளையில் திணிக்கிறார். கேட்டதற்குச் சம்பந்தமில்லாத பதில், அதுவும் குழறலாக. வலது கை லேசாகத் தளர்ந்திருந்தது. மகள் பக்கவாதம் என்று அழுதுகொண்டிருந்தார். மாணவியும் அப்படித்தான் நினைத்தார். முகம், கை, பேச்சு மூன்றையும் பார்த்துவிட்டு அவசர உதவிக்கு போன் போடச் சொன்னார். போன் போய்க்கொண்டிருக்கும்போதே அலமாரியிலிருந்த குளுக்கோமீட்டரை எடுத்து விரலைக் குத்தினார்.

38 மி.கி. மில்லிமோல் கணக்கில் காட்டும் சில நாட்டு மெஷின்களில் இதுவே 2.1.

பக்கவாதம் மாதிரியே வேடம் போடும் நோய்களில் முதலில் சந்தேகிக்க வேண்டியது இதுதான். ஒரு பக்கம் கை கால் விழுவதுகூடச் சர்க்கரை இறங்கினால் நடக்கும். பேச்சு குழறினால் சர்க்கரையைப் பார்க்காமல் அடுத்த படிக்குப் போகாதே என்று அவசரப் பிரிவில் அடித்துச் சொல்வது இதனால்தான். அந்தப் பாடம் மாணவியின் கைக்குள் இருந்தது. பெரியவரால் விழுங்க முடிகிறதா என்று முதலில் ஒரு வாய்த் தண்ணீரில் பார்த்தார், முடிந்தது. நான்கு தேக்கரண்டி சர்க்கரையைக் கரைத்துக் கொடுத்தார். பதினைந்து நிமிடம் கழித்து 71. இன்னும் கொஞ்சம் கொடுத்த பிறகு 96. கையும் பேச்சும் திரும்பிவிட்டன. “என்ன எல்லாரும் என்னையே பார்க்கிறீங்க?” என்று பெரியவர் கேட்டார்.

கஷ்டமான கட்டம் இதற்குப் பிறகுதான் வந்தது. சர்க்கரை ஏறிவிட்டது, ஆள் பேசுகிறார். ஆம்புலன்ஸ் வேண்டாம் என்று சொல்லிவிடலாம் என்றார் மகள். பெரியவருக்கும் அதுதான் ஆசை. மாணவி மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. ஆம்புலன்ஸில் வந்தவர்களிடம் அவர் சொன்னது இவ்வளவுதான்: “வயது 78. கிளிபென்கிளமைடு சாப்பிடுகிறார், இன்று காலையும் சாப்பிட்டிருக்கிறார். இரண்டு நாளாக வயிற்றுப்போக்கு, சாப்பாடு இல்லை. சர்க்கரை 38 இருந்தது, இப்போது 96.” அந்த நாட்டு மொழியில், திக்காமல். எந்த சோஃபாவுக்கு எதிரே உட்கார்ந்து கற்றுக்கொண்டாரோ, அந்த சோஃபாவுக்கு அருகில் நின்றே சொன்னார். அதைக் கேட்டதும் அவர்கள் ஸ்ட்ரெச்சரை உள்ளே கொண்டுவந்துவிட்டார்கள்.

இன்சுலின் ஊசியால் இறங்கும் சர்க்கரையும் கிளிபென்கிளமைடால் இறங்கும் சர்க்கரையும் ஒன்றல்ல. இந்த மாத்திரையின் வேலை ஒரு நாள் முழுக்க நீடிக்கும். உடைந்து வரும் துணைப் பொருள்களுக்கும் வீரியம் உண்டு, அவற்றில் ஏறக்குறையப் பாதி சிறுநீரகம் வழியாகத்தான் வெளியேற வேண்டும். சிறுநீரகம் சுணங்கினால் உள்ளேயே சுற்றும். வாயால் கொடுத்த சர்க்கரை அதற்கு ஒரு மணி நேரக் கடன் மாதிரி. பெரியவர் விஷயத்திலும் நள்ளிரவு தாண்டி இரண்டு மணிக்குச் சர்க்கரை 49க்கு வந்தது. வார்டில் இருந்ததால் குளுக்கோஸ் டிரிப் ஏறியது, இன்சுலின் சுரப்பை அடக்கும் ஆக்ட்ரியோடைடு ஊசியும் போட்டார்கள். சிறுநீரகம் சுணங்கினால் ரத்தத்தில் ஏறும் கழிவுப் பொருளான கிரியாட்டினின், வழக்கமாக 1.2 இருப்பது, 2.3 ஆகியிருந்தது. மூன்று நாளில் தேறி வந்தார். வீட்டில் படுக்க வைத்திருந்தால், தாத்தா நன்றாகத் தூங்குகிறார் என்று விடியும் வரை நினைத்துக்கொண்டிருப்பார்கள்.

திறக்காத கோப்பு

பெரியவரைச் சேர்த்தது மாணவி படிக்கும் அதே போதனா மருத்துவமனை. மறுநாள் காலை குடும்பத் தலைவியிடமிருந்து போன்: “நீ உள்ளேதானே இருக்கே, கம்ப்யூட்டர்ல பார்த்து அப்பாவுக்கு கிட்னி எப்படி இருக்குன்னு சொல்லு.”

மாணவியிடம் நுழைவுச்சொல் இருந்தது. கோப்பைத் திறந்திருக்கலாம். திறக்கவில்லை. தன் குழுவின் பொறுப்பில் இல்லாத நோயாளியின் கோப்பை மாணவர் திறப்பது ரகசியக் காப்பு மீறல். மின்னணுப் பதிவேட்டில் யார் எப்போது எதைத் திறந்தார்கள் என்பது தானாகப் பதிவாகும். இதற்காகப் படிப்பையே இடைநிறுத்தும் கல்லூரிகள் உண்டு. “நான் பார்க்கக் கூடாது, வார்டு டாக்டரிடம் கேளுங்கள், நானும் கூட வருகிறேன்” என்றார் மாணவி. மறுமுனையில் போன் வைக்கப்பட்டது.

பெரியவர் வீடு திரும்பிய வாரம் அந்த வீட்டில் யாரும் யாரோடும் சரியாகப் பேசவில்லை. மாணவி அறையைக் காலி செய்ய விரும்பியபோதுதான் தங்குமிட அலுவலகம் எங்கள் எல்லோரையும் ஒரு மேசைக்குக் கூப்பிட்டது. அங்கே குடும்பத் தலைவி சொன்னதை அப்படியே தருகிறேன்: “வருஷம் பூராவும் எதைக் கேட்டாலும் பதில் சொன்னாள். அப்பா விழுந்த மறுநாள் மட்டும் நான் வெறும் ஸ்டூடண்ட்னு சொல்றாள். எது நிஜம்?”

என் கணிப்பில், அந்த மேசையில் பேசப்பட்டதிலேயே நியாயமான வாக்கியம் அதுதான். கோப்பைத் திறக்காதது சரி, அதில் இரண்டாவது பேச்சே இல்லை. ஆனால் அந்த ‘முடியாது’ வந்த நேரம்தான் குடும்பத்தைக் காயப்படுத்தியது. பையனின் காய்ச்சலுக்கே, ‘அட்டையில் போட்டிருக்கும் அளவைச் சேர்ந்து படிப்போம், சந்தேகம் இருந்தால் மருந்தாளுநரிடம் கேட்போம்’ என்று சொல்லியிருந்தால் யார் மனமும் கோணியிருக்காது. எல்லைக்கோடு போட ஒரு செலவும் ஆகாத நாள்கள் நிறைய இருந்தன. அவையெல்லாம் போன பிறகு, பெரியவர் ஆஸ்பத்திரியில் கிடக்கும்போது போட வேண்டியதாயிற்று.

எங்கே தவறியது

தன் வீட்டாருக்குத் தானே வைத்தியம் பார்க்காதே என்பது புது அறிவுரையில்லை. அமெரிக்க மருத்துவச் சங்கம் 1847ல் வெளியிட்ட முதல் நெறிமுறையிலேயே, மனைவி பிள்ளைகள் நோயில் படுத்தால் மருத்துவரின் கவலை அவர் தீர்ப்பை மங்கச் செய்யும் என்ற கருத்து இருக்கிறது. பிரிட்டனின் பொது மருத்துவ கவுன்சிலும், நெருங்கிய உறவில் இருப்பவர்களுக்கு முடிந்தவரை சிகிச்சை தர வேண்டாம் என்கிறது. இவையெல்லாம் பட்டம் பெற்ற மருத்துவருக்கு எழுதியவை. மாணவருக்கு இன்னும் கூடுதலாகப் பொருந்தும் என்பது வெளிப்படை. ஆனால் ஹோஸ்ட் குடும்பம் என்பது ‘நெருங்கிய உறவு’ என்ற பெட்டிக்குள் வருமா? வாடகை கொடுக்கிறோம், ஒப்பந்தம் இருக்கிறது, ரத்த சம்பந்தம் இல்லை. மாணவி தான் அந்த விதிக்குள் இருப்பதாக நினைக்கவே இல்லை. ஒரே மேசையில் சாப்பிடுகிறவரை, தனக்குப் பேசக் கற்றுக்கொடுத்தவரை வேறு எந்தப் பெட்டியில் வைப்பது?

இன்னொரு பக்கமும் இருக்கிறது. இந்த வீட்டில் மாணவி விருந்தாளி, வாடகைதாரர், கற்றுக்கொள்கிறவர் எல்லாமும்தான். அன்றாடச் சாப்பாடு, மொழி, அவசரத்துக்கு ஆள் துணை எல்லாம் அந்தக் குடும்பத்தின் கையில். அவர்கள் கேட்டு ‘இல்லை’ என்று சொல்வது ஊரில் சொந்த அத்தையிடம் சொல்வதைவிடக் கஷ்டம். குடும்பத்துக்கு எதையாவது திருப்பிக் கொடுக்க வேண்டும் என்ற நெருக்குதல் இருந்தது. அவரிடம் இருந்ததோ அரைகுறை மருத்துவம் ஒன்றுதான். அதைக் கொடுத்தார்.

வெளிநாட்டு மாணவர் நலன் பற்றிப் பேசுகிறவர்கள் 1955ல் ஸ்வெர்ரே லிஸ்கோர் முன்வைத்த யு வடிவ வளைகோட்டிலிருந்து ஆரம்பிப்பார்கள். அமெரிக்காவில் தங்கிவந்த நார்வேக்காரர்களிடம் பேசி அவர் கண்டது அது: முதலில் உற்சாகம், நடுவில் சரிவு, பிறகு மீட்சி. 1960ல் காலெர்வோ ஓபெர்க்கின் கட்டுரையோடு ‘கலாச்சார அதிர்ச்சி’ என்ற சொல்லும் பரவியது. எங்கள் முன்தயாரிப்பு வகுப்பும் அந்தச் சரிவைச் சுற்றியே இருக்கிறது. தனிமை, தூக்கம், யாரிடம் உதவி கேட்பது எல்லாம் இருக்கும். இந்த மாணவிக்கு அந்தச் சரிவே வரவில்லை. ஒட்டிக்கொண்டார், அதுவும் நன்றாக. அதனால் நலன் விசாரிக்கும் படிவங்களில் எல்லாக் கட்டங்களிலும் ‘திருப்தி’ என்றே டிக் விழுந்தது. படிவம் கேட்காத இடத்தில்தான் ஆபத்து உட்கார்ந்திருந்தது.

சரி, நாடகத்துக்கு வருவோம். நோயாளியாக நடிக்க ஆளை வைத்து மாணவர்களுக்குப் பயிற்சி தரும் முறையை 1963ல் தெற்கு கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் ஹோவர்ட் பாரோஸ் தொடங்கினார். இன்று அது உலகம் முழுக்கப் பரீட்சையிலேயே இருக்கிறது. அந்த முறையின் உயிர்நாடி, எழுதிக் கொடுத்த கதை. நடிகருக்கு எங்கே வலி, எப்போது வலி, எதைக் கேட்டால் மட்டும் சொல்ல வேண்டும் என்று எல்லாம் முன்கூட்டியே தீர்மானம். கதை வெளியிலிருந்து வருவதால் அவர் சொல்வது எதுவும் அவர் உடம்பைப் பற்றியதல்ல என்று இரண்டு பேருக்கும் தெரியும். சோஃபாவில் அந்தக் கதை இல்லை. பெரியவர் தன் உடம்பிலிருந்து எடுத்துக் கொடுத்தார். அறிகுறி, அது வரும் வேளை, சாப்பிட்டதும் சரியாவது எல்லாம் மாணவியின் கையெழுத்திலேயே நோட்டில் இருந்தன. வார்டில் ஒரு முன்பின் தெரியாத நோயாளி இதையே சொல்லியிருந்தால், சர்க்கரை மாத்திரை சாப்பிடுகிறீர்களா என்று மாணவி கேட்டிருப்பார் என்றுதான் நினைக்கிறேன். வீட்டில், மாத்திரைப் பெட்டி கண்முன்னே இருந்தும், கேட்கவில்லை. அது ‘பயிற்சி நோயாளி’யின் பெட்டி இல்லையே.

மருந்தைப் பொறுத்தவரை பழி முழுவதும் வீட்டின்மேல் விழக் கூடாது. வயதானவர்களுக்குத் தவிர்க்க வேண்டிய மருந்துகளின் பியர்ஸ் பட்டியலில் கிளிபென்கிளமைடு, கிளைபுரைடு என்ற அமெரிக்கப் பெயரில், 2012லேயே இருக்கிறது. 60 வயதுக்கு மேல் அது பொருந்தாது என்ற குறிப்பு உலக சுகாதார அமைப்பின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலிலும் உண்டு. இருபது வருடமாக ஒத்துப்போன மாத்திரையை யாரும் மறுபடி எடுத்துப் பார்க்கவில்லை. இது எந்த நாட்டிலும் நடப்பதுதான்.

பிறகு

மாணவி அறையைக் காலி செய்யவில்லை. பெரியவர் விடவில்லை என்பதுதான் உண்மை. கிளிபென்கிளமைடு நிறுத்தப்பட்டது. சிறுநீரகம் பழைய நிலைக்கு வந்த பிறகு மெட்ஃபார்மின் குறைந்த அளவில் திரும்ப ஆரம்பித்தது. ஆறு மாதம் கழித்து எச்பிஏ1சி 7.4, வியர்வையும் நடுக்கமும் இல்லை. வயிற்றுப்போக்கு, வாந்தி வந்தால் எந்த மாத்திரை, யாருக்கு போன் என்று அவருடைய மருத்துவரே ஒரு தாளில் எழுதிக் கொடுத்திருக்கிறார். கார் சாவி சில மாதம் மகளிடம் இருந்தது. அந்தக் கோபம் பெரியவருக்கு இன்னும் முழுதாகத் தீரவில்லை.

வீட்டில் மாணவி எதைச் செய்யலாம் என்று மேசையில் வைத்தே பேசி முடித்தோம். மருத்துவமே தெரியாதவர் மாதிரி நடிக்கச் சொல்வது அபத்தம், அன்று அப்படி நடித்திருந்தால் பெரியவர் இருந்திருக்க மாட்டார். அவசர அறிகுறி தெரிந்தால் செயல்படலாம், மெஷினில் பார்த்து எண்ணை எழுதலாம். மருத்துவரிடம் என்ன கேட்பது என்று சேர்ந்து உட்கார்ந்து எழுதலாம், அவர் சொன்னது புரியாவிட்டால் எளிதாக்கிச் சொல்லலாம். மருந்தைக் கொடு, நிறுத்து, கூட்டு, குறை என்ற நான்கையும் சொல்லக் கூடாது. அறிக்கையைப் பார்த்துத் தீர்ப்பும் கூடாது. குடும்பத் தலைவி இதைக் கேட்டுவிட்டு, “இதை முதல் நாளே சொல்லியிருந்தா நான் கேட்டிருக்கவே மாட்டேனே” என்றார்.

நாடகம் தொடர்கிறது. இப்போது கதையை மாணவி கொண்டுவருகிறார், பயிற்சிக் கூடத்தின் பழைய அட்டைகள். பெரியவருக்கு அவை சப்பென்று இருப்பதாகப் புகார், அதனால் பக்கத்து வீட்டுச் சண்டையைச் சேர்த்துக்கொள்ள மட்டும் அனுமதி. நிஜமாகவே உடம்புக்கு ஏதாவது என்றால் கையைத் தூக்க வேண்டும் என்பது பேரன் போட்ட விதி. ஒருமுறை தூக்கியிருக்கிறார், முதுகு வலிக்கு. மாணவி நோட்டை மூடிவிட்டு மகளைக் கூப்பிட்டார்.

தங்குமிட அலுவலகத்தின் படிவத்தில் ஒரு புதுக் கேள்வி சேர்க்கலாம் என்று நான் எழுதிக் கொடுத்தேன்: வீட்டில் தொடர் சிகிச்சையில் யாராவது இருக்கிறார்களா, அவர்களுடைய மருத்துவரின் எண் மாணவருக்குத் தெரியுமா? அறை கொடுக்கிறவர்களின் நோய் விவரத்தைக் கேட்பது அவர்கள் அந்தரங்கத்தில் தலையிடுவது என்று சில குடும்பங்கள் ஆட்சேபித்தன. அதிலும் நியாயம் இருக்கிறது. நோயின் பெயரைக் கேட்க வேண்டாம், அவசரத்துக்கு அழைக்க வேண்டிய மருத்துவரின் எண் மட்டும் போதும் என்று திருத்தி மறுபடி அனுப்பியிருக்கிறேன். அலுவலகம் இன்னும் முடிவு சொல்லவில்லை. இதற்கிடையே மருத்துவ மாணவர்களை அனுப்பும் குடும்பங்களுக்கு, மாணவி வீட்டில் செய்யக் கூடியதையும் கூடாததையும் ஒரு பக்கமாக எழுதி ஒப்பந்தத்தோடு இணைத்துக் கொடுக்க ஆரம்பித்துவிட்டார்கள். அதற்கு எந்தக் குடும்பமும் ஆட்சேபம் சொல்லவில்லை.